வரும்போது ஒன்றரைப் பேர்

"நாற்பத்தோராம் பக்கம். கீழேயிருந்து மூணாவது வரி" என்றாள் அல்மூட் கெர்ஸ்டிங். "அதை எடுக்கணும். இல்லேன்னா அது உண்மைதான்னு எனக்கு நிரூபிச்சுக் காட்டணும். ரெண்டுல எது நடந்தாலும் எனக்குச் சரி."

கோட்டிங்கனில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் மொத்தமே மூன்று நாற்காலிகள். ஒன்றில் அல்மூட். இருபத்தெட்டு வயது, மருந்துக் கடையில் வேலை. எதிரே துப்பறிவாளர் தெக்லா லிண்ட்னர். ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் குரல்களை ஒட்டவைத்தவள், இப்போது ஊரார் பொய்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது நாற்காலியில் அவளுடைய உதவியாளன் வெண்டலின். வாய் நீளம் என்று இரண்டு ஓட்டல்களில் சர்வர் வேலையிலிருந்து துரத்தப்பட்டவன். நாற்பதை நெருங்கியும் வாய் குறைந்தபாடில்லை.

மேஜை மேல் அச்சகத்திலிருந்து வந்த புரூஃப் கிடந்தது. 'ஹாஸல்ரோட ரயில் நிலையம்: நூற்றொரு ஆண்டுகள்.' தெக்லா கண்ணாடியை இறக்கிக்கொண்டு அந்த வரியைப் படித்தாள்.

'1952 மே 26. கிழக்கே எல்லர்ஸ்டெட்டுக்குப் புறப்பட்ட கடைசி ரயிலில், பாயிண்ட்ஸ்மேன் கொன்ராட் கெர்ஸ்டிங், நிலையத்தின் கேண்டீன் பெண் ஒட்டீலி பிராண்டஸுடன், மனைவியையும் குழந்தையையும் கைவிட்டு ஓடிப்போனார்.'

"ஓடிப்போனவங்களை எல்லாம் அச்சுல போட ஆரம்பிச்சா எங்க குடும்பத்துக்குத் தனி வால்யூம் வேணும்" என்றான் வெண்டலின்.

அல்மூட் சிரிக்கவில்லை. "ஊர் இதை இருபத்துநாலு வருஷமா வாயால சொல்லுது. பேச்சு காத்தோட போயிடும். இது அச்சு. சனிக்கிழமை ஹாஸல்ரோடலேர்ந்து கடைசி ரயில் போகுது, அதோட லைனையே மூடறாங்க. அன்னைக்கு இந்தப் புத்தகத்தை வீட்டுக்கு ஒண்ணு கொடுக்கப் போறாங்க. நாளைக்கு நாலு மணிக்கு அச்சு ஏறும்."

"உங்க அம்மா என்ன சொன்னாங்க?"

"ஊர் சொன்னதையேதான். பிப்ரவரியில போய்ட்டாங்க."

"அப்பாவை ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஞாபகம் வராம இருக்க நிறையப் பாடுபட்டிருக்கேன்."

தெக்லா புரூஃபை மூடினாள். "பொய்யா இருக்கணும்னு ஆசைப்படறீங்களா?"

அல்மூட் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். "உண்மையா இருந்தா நான் அவரை வெறுத்தது சரின்னு ஆகும். அது போதும் எனக்கு."

*

மத்தியானம் ஒன்றரைக்கு ஹாஸல்ரோட. பத்துப் பெட்டி நிற்கிற பிளாட்பாரத்தில் ஒற்றைச் சிவப்பு ரயில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் போய்த் தண்டவாளம் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றுவிட்டது. மண்மேட்டுக்குப் பின்னால் காடு. காட்டுக்குப் பின்னால், நாட்டை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரித்த எல்லைக் கம்பிவேலி. வேலிக்குப் பின்னால், ஒன்பது கிலோமீட்டரில், எல்லர்ஸ்டெட்.

காத்திருப்பு அறையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஸீவர்ட் பழைய படங்களை மேஜைகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். திறப்பு விழா அன்று மாலை போட்ட எஞ்சின். அகதிகள் கூட்டம் நிரம்பி வழிந்த நாற்பத்தைந்தாம் வருட பிளாட்பாரம். கேண்டீன் ஜன்னல், அருகில் கரும்பலகையில் அன்றைய உணவுப் பட்டியல்.

"ஆதாரம் இல்லாம நான் ஒரு வரி எழுத மாட்டேன்" என்றார் ஸீவர்ட். "அந்தப் பொண்ணு மேல எனக்குப் பரிதாபம் உண்டு. என்கிட்டதான் படிச்சா. அதுக்காக வரலாற்றை மாத்த முடியுமா?"

"மாத்த வேண்டாம். காட்டுங்க, போதும்" என்றாள் தெக்லா.

அவர் ஒரு பழைய தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தார். ரயில்வே ஊழியர்களுக்கு எழுதித் தந்த இலவசப் பாஸ்களின் அடிக்கட்டைகள். குறித்துவைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். ஊதா பென்சில். 'கொன்ராட் கெர்ஸ்டிங். 26.5.1952. ஹாஸல்ரோட – எல்லர்ஸ்டெட். மாலை 4.10 வண்டி. ஆட்கள்: 1.'

"அவரும் அந்த ஒட்டீலியும் ஒரே பெட்டியில ஏறினதை மூணு பேர் பார்த்திருக்காங்க. மறுநாள் எல்லையை மூடிட்டாங்க. ரெண்டு பேருமே திரும்பி வரலை. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

வெண்டலின் அந்தத் தாளை விரல் நுனியால் பிடித்து மெல்லத் திருப்பினான். பிறகு, கடை வாடிக்கையாளரிடம் பில்லை நீட்டுகிற பணிவோடு, புத்தகத்தை ஆசிரியர் பக்கம் தள்ளினான்.

"ஐயா, 'தாளைத் திருப்பிப் பாருடா'ன்னு எத்தனை ஆயிரம் பசங்க தலையில குட்டியிருப்பீங்க?"

பின்பக்கத்திலும் அச்சடித்த கட்டங்கள் இருந்தன. மேலே 'திரும்பும் பயணம்' என்று தலைப்பு. அதே ஊதா பென்சில், அதே கையெழுத்து. 'எல்லர்ஸ்டெட் – ஹாஸல்ரோட. ஆட்கள்: 1½.'

"ஓடிப்போறவன் திரும்பி வர்றதுக்குப் பாஸ் எழுதி வாங்கிட்டா போவான்?" என்றாள் தெக்லா.

ஸீவர்டின் காது சிவந்தது. ஆனாலும் ஆசிரியர் ஆசிரியர்தான். சீக்கிரம் மீண்டுகொண்டார்.

"ஒன்றரை. அரை டிக்கெட்னா குழந்தை. நாலு வயசிலேர்ந்து பத்து வயசு வரைக்கும். அப்படின்னா அந்தப் பக்கம் அவருக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்திருக்கு. அந்த ஒட்டீலி எல்லர்ஸ்டெட்காரிதான். தினமும் அங்கேயிருந்துதான் வேலைக்கு வருவா. குழந்தையை இங்கே கொண்டுவந்து குடித்தனம் வைக்க நெனச்சிருக்கார், முடியலை, அங்கேயே தங்கிட்டார். இது நான் எழுதினதை விட மோசம், அம்மா."

"கிணறு வெட்டப் போய் பூதம் வந்துருச்சு" என்று முணுமுணுத்தான் வெண்டலின்.

தெக்லா கேண்டீன் படத்தைக் கையில் எடுத்தாள். "இதை ஒரு மணி நேரம் வெச்சுக்கறேன். இந்த ஊதா பென்சில் யாருடையது?"

"ஸ்டேஷன் மாஸ்டர் வோல்ராட். எண்பத்து மூணு வயசு. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி வீடு. ஆனா அவர் வாயைத் திறக்க மாட்டார். நானே நாலு தடவை போய்ப் பார்த்துட்டேன்."

*

வோல்ராட் வாயைத் திறந்தார், சாப்பிடுவதற்கு. அவர்கள் உள்ளே நுழைந்தபோது அவருடைய மதிய உணவு மேஜையில் இருந்தது. ரொட்டி, ஈரல் தொத்திறைச்சி, கண்ணாடி ஜாடியில் கடுகு போட்ட வெள்ளரி ஊறுகாய்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. வயசாயிடுச்சு" என்று கேள்விக்கு முன்பே பதில் சொன்னார். "சாப்பிடறதா இருந்தா உட்காருங்க."

வெண்டலின் உட்கார்ந்தே விட்டான். ஒரு வெள்ளரித் துண்டைக் கடித்து, கண்ணை மூடினான். "மாஸ்டர், இதுக்கு மட்டுமே நான் இந்த ஊருக்கு மாறி வருவேன். எந்தக் கடை?"

"மூலைக் கடை."

தெக்லா ஜாடியைத் தன் பக்கம் திருப்பினாள். கையால் எழுதி ஒட்டிய சீட்டு. முதல் எழுத்து கைத்தடியின் பிடிபோல வளைந்து, வால் அடுத்த எழுத்தின் கீழே ஓடியது. கைப்பையிலிருந்து கேண்டீன் படத்தை எடுத்து ஜாடி மேல் சாய்த்து வைத்தாள். ஐம்பத்தொன்றாம் வருடக் கரும்பலகை. சாக்கட்டியில் அன்றைய பட்டியல். பட்டாணி சூப், உருளைக்கிழங்கு சாலட், கடுகு வெள்ளரி. அதே வளைந்த பிடி. அதே ஓடும் வால்.

கிழவர் படத்தையே பார்த்தார்.

"மூலைக் கடையில கையால எழுதின சீட்டு ஒட்டறாங்களா?" என்றாள் தெக்லா. மூடியைத் தலைகீழாகத் திருப்பினாள். அது வேறொரு ஜாடியின் மூடி. பழைய முத்திரை அரைகுறையாகத் தெரிந்தது. கோஸ்லர் தேன் பண்ணை. "கோஸ்லர் வேலிக்கு இந்தப் பக்கம், மாஸ்டர். பஸ்ல ஒரு மணி நேரம். கிழக்கே ஓடிப்போன பொம்பளை கோஸ்லர்ல உட்கார்ந்து உங்களுக்கு ஊறுகாய் போட்டு அனுப்பறாங்களே, எப்படி?"

"எனக்குத் தெரியாது."

"பதினெட்டு வருஷம் காதுல ஹெட்போன் மாட்டினவ நான். பொய் சொல்றவங்க உடனே பதில் சொல்வாங்க. இப்போ நீங்க சொன்ன மாதிரி."

வோல்ராட் கத்தியைக் கீழே வைத்தார். வெகுநேரம் ரொட்டியின் மேலோட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"மார்த்தாகிட்ட சத்தியம் பண்ணினேன்" என்றார் கடைசியில். "கொன்ராட் பொண்டாட்டிகிட்ட. அவ இப்போ இல்ல. செத்தவங்ககிட்ட சத்தியத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கவும் முடியாது. ஒட்டீலி உயிரோட இருக்கா, விலாசம் தர்றேன், அவகிட்டயே கேளுங்க. என் பங்கை மட்டும் சொல்றேன். அன்னைக்கு மத்தியானமே எங்களுக்கு போன் வந்துடுச்சு, நாளைலேர்ந்து அந்தப் பக்கம் ரயில் கிடையாதுன்னு. கொன்ராட் பக்கத்துலதான் நின்னான். 'எழுதுங்க மாஸ்டர், போகும்போது ஒருத்தர், வரும்போது ஒன்றரை'ன்னான். அந்த ராத்திரியே வண்டி திரும்பும்னு ஒரு நெனப்பு. நானும் எழுதினேன். திரும்பி வராத ரயிலுக்குப் பாஸ் எழுதிக் கொடுத்தவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

வெளியே வந்து காரில் ஏறிய பிறகும் தெக்லா புறப்படச் சொல்லவில்லை.

"அரை டிக்கெட்" என்றாள். "நாலு வயசு முடிஞ்சிருந்தாத்தான் அரை. முடியலேன்னா இலவசம், எழுதவே வேண்டாம். வோல்ராட் மாதிரி ஆளு ஒரு நாள் முன்னப்பின்ன இருந்தாலும் கணக்குப் பார்த்துத்தான் எழுதுவாரு. அல்மூட்டோட பிறந்த தேதி என்ன?"

வெண்டலின் கோப்பைப் புரட்டினான். "1948, மார்ச் பதினொண்ணு. அப்படின்னா அம்பத்திரண்டு மே மாசம்…" விரல் விட்டு எண்ணினான். "நாலு வருஷம், ரெண்டு மாசம்."

 வெண்டலின் கோப்பை மூடிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கோஸ்லரில் ஒரு மரக்கடையின் மாடி. கதவைத் திறந்த பெண்ணுக்கு அறுபத்தொரு வயது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபது வருடம் பெரிய அண்டாக்களைத் தூக்கி இறக்கிய தோள்கள். ஹாஸல்ரோட என்ற பெயரைக் கேட்டதும் கதவை மூடப் போனாள். வெண்டலின் இடையில் ஊறுகாய் ஜாடியை நீட்டினான்.

"மாஸ்டர் காலி ஜாடியைத் திருப்பித் தரச் சொன்னாரு. காலி பண்ணினது நான்தான், மன்னிச்சுக்கோங்க."

ஒட்டீலி ஜாடியை வாங்கிக்கொண்டாள். அதோடு அவர்களையும் உள்ளே விட்டாள்.

"அந்தப் புஸ்தகம் வருதுன்னு மாஸ்டர் எழுதியிருந்தார்" என்றாள். "வரட்டும். என் பேர் கெட்டு இருபத்துநாலு வருஷம் ஆச்சு. புதுசா கெட என்ன இருக்கு?"

"அந்த அரை டிக்கெட் அல்மூட்தானே?" என்று கேட்டாள் தெக்லா.

ஒட்டீலி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு பேசினாள்.

"அந்த மே மாசம் மார்த்தா நுரையீரல்ல நிழல் விழுந்திருக்கு, காசநோயா இருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். சோதனை முடியற வரைக்கும் குழந்தையைத் தள்ளி வைக்கணும். ஊருக்குத் தெரிஞ்சா ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. குழந்தைக்கு அம்மைன்னு பக்கத்து வீட்டுக்குச் சொல்லிட்டு, கொன்ராட் அதை எல்லர்ஸ்டெட்ல தன் அக்கா வீட்டுல விட்டிருந்தார். பத்து நாள்தான். அதுக்குள்ள அந்த போன் வந்துடுச்சு. நான் தினமும் போற நாலு பத்து வண்டியில அவரும் ஏறினார். போய்க் குழந்தையைத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்தா, வண்டியை விடலை. தண்டவாளத்துல கட்டையைப் போட்டுட்டாங்க. பாஸைக் காட்டினார். அங்கே நின்ன காவல்காரன் அதைப் படிச்சுட்டு, மடிச்சு, அவர் சட்டைப் பையிலயே திருப்பி வெச்சுட்டான்."

"அப்புறம்?"

"மூணு நாள் பார்த்தோம். எல்லையோரம் இருக்கற ஆளுங்களைக் காலி பண்ணி, குடும்பத்தோட லாரியில ஏத்தி எங்கேயோ கொண்டுபோக ஆரம்பிச்சாங்க. நாலாம் நாள் விடியறதுக்குள்ள ரயில் பாதை ஓரமா காட்டுக்குள்ள நடந்தோம். குழந்தை அவர் தோள்ல. நல்ல பனி. எல்லைக்கு இன்னும் முந்நூறு அடி இருக்கறப்போ பின்னாடி குரல் கேட்டது, 'யாரங்கே'ன்னு. அவர் குழந்தையை என் கையில கொடுத்தார். தொப்பியைச் சரியா வெச்சுக்கிட்டார். திரும்பி அவங்களை நோக்கி நடந்தார்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"'நான் ரயில்வே ஆளு. தண்டவாளம் பார்க்க வந்தேன். இங்கே பாருங்க, இந்த போல்ட்டு லூஸ், இந்தக் கட்டை உளுத்துப் போச்சு, யாரு இதுக்குப் பொறுப்பு?' அப்படின்னு சத்தமா சண்டை போடறார். கேண்டீன்ல ஆறு வருஷம் அவருக்கு சூப் ஊத்தியிருக்கேன், நாலு வார்த்தை சேர்ந்தாப்பல பேசிக் கேட்டதில்ல. அன்னைக்கு நான் இந்தப் பக்கம் வந்து சேர்ற வரைக்கும் அந்தக் குரல் நிக்கலை."

 கீழே மரக்கடையில் ரம்பம் ஓடி நின்றது.

"பத்து வருஷம் போட்டாங்க. உளவுன்னு. ஒன்பதரை வருஷம் முடிச்சு வெளியே வந்தப்போ பெர்லின்ல சுவர் எழுப்பி நாலு மாசம் ஆயிருந்தது. இனி எந்த வழியாவும் வர முடியாது."

"ஆனா ஓடிப்போன கதையை யாரு கட்டினது?" என்றான் வெண்டலின். 

"மார்த்தா. குழந்தையை அவ கையில கொடுத்த அதே காலையில. 'ஒட்டீலி, ஊருக்கு உண்மை தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல எவளாவது இவகிட்ட சொல்லுவா, உன்னாலதான் உங்கப்பா மாட்டிக்கிட்டார்னு. நீ இந்த ஊர்ல இருக்காதே. நீங்க ரெண்டு பேரும் ஓடிப்போனதாவே இருக்கட்டும். அவ அப்பாவை வெறுத்தா ஒரு நாள் மன்னிச்சிடுவா. தன்னையே வெறுத்தா அவளை யாரு மன்னிக்கறது?' நான் அன்னைக்கே பஸ் ஏறினேன்."

"உங்களுக்குன்னு ஒரு வாழ்க்கை…" என்று ஆரம்பித்தாள் தெக்லா.

"இருந்தது" என்றாள் ஒட்டீலி. "கேட்காதீங்க."

அவள் அலமாரியிலிருந்து ஒரு கோட்டை எடுத்தாள். "நீங்க சொல்லாம விடப் போறதில்லை, உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. அப்படின்னா நான் சொல்றேன். சத்தியம் பண்ணினவ நான்."

*

மூன்று மணிக்கு ஹாஸல்ரோட காத்திருப்பு அறையில் அவர்கள் மூவரும், வரவழைத்திருந்த அல்மூட்டும் மட்டும். ஸீவர்டை தெக்லா வெளியே பிளாட்பாரத்துக்கு அனுப்பியிருந்தாள்.

ஒட்டீலி எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில். பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் ஒரு காலத்தில் அவள் சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது பலகை அடித்து மூடப்பட்டிருந்தது.

அல்மூட் அசையாமல் கேட்டாள். முகத்தில் முதலில் எதுவுமில்லை. பிறகு மெதுவாக, உறைந்த கையில் ரத்தம் ஓடுவதுபோல, ஏதோ ஒன்று வந்தது. "அப்படின்னா அவர் எங்களை விட்டுட்டுப் போகலை" என்றாள். சின்னக் குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல இன்னொரு முறையும் சொன்னாள். "விட்டுட்டுப் போகலை."

 ஒரு வழக்காவது நல்லபடியாக முடிந்தது என்று வெண்டலின் நினைத்தான்.

"இப்போ எங்கே இருக்கார்?"

"அறுபத்தெட்டு ஜனவரியில போய்ட்டார், கண்ணு. மாக்டெபுர்க் பக்கம், தண்டவாள வேலையில இருந்தார். மார்புச் சளி." ஒட்டீலி கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். "அவர் என் விலாசத்துக்குத்தான் எழுதுவார். மார்த்தா என் வீட்டுக்கு வந்து படிச்சுட்டு, எரிச்சுட்டுப் போயிடுவா. இது ஒண்ணை நான் கொடுக்கலை. இது உனக்கு."

அல்மூட் பிரித்தாள். ஒரே தாள். அறுபத்தாறாம் வருடம், அக்டோபர்.

'ஒட்டீலி, மார்ச்சில் அல்மூட்டின் பதினெட்டாம் பிறந்த நாளுக்கு அவள் பெயருக்கே எழுதினேன். அவளுக்கு வயது வந்ததும் நானே எழுதிச் சொல்லலாம் என்று மார்த்தா ஒப்புக்கொண்டிருந்தாள். நடந்தது எல்லாம் எழுதினேன். பதில் வரவில்லை. பெண்ணிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று மார்த்தாவிடம் சொல். கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. அவள் உயரமா? அது மட்டும் எழுது.'

அவள் படித்து முடித்த பிறகும் தாளைத் தாழ்த்தவில்லை. அது அவள் முகத்தை மறைத்தபடியே இருந்தது.

"உங்களுக்கு வரவே இல்லை போல இருக்கு" என்றான் வெண்டலின் மெதுவாக. "அந்தக் காலத்துல பாதி தபால் அந்தப் பக்கத்துலயே நின்னுடும்."

"வந்தது" என்றாள் அல்மூட்.

தெக்லா தலை நிமிர்ந்தாள்.

"கனமான உறை. நாலஞ்சு தாள் இருக்கும். பின்பக்கம் அவர் பேர். சமையலறையில நின்னேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அடுப்புல போட்டுட்டேன்." அவள் தாளை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். "சாயங்காலம் அம்மா லாண்டரி வேலை முடிஞ்சு கேக் வாங்கிட்டு வந்தாங்க. கோட்டைக்கூடக் கழட்டலை. 'தபால் ஏதாவது வந்துதா?'ன்னு கேட்டாங்க. 'ஒண்ணும் வரலை'ன்னேன். கரி போட அடுப்பைத் திறந்தாங்க. திறந்தபடியே ரொம்ப நேரம் நின்னாங்க. 'சரி'ன்னாங்க. அப்புறம் கேக் வெட்டினோம்."

தெக்லா தன் நாற்காலியை மேஜையை விட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"மார்த்தா என்கிட்ட வந்து சொன்னா" என்றாள் ஒட்டீலி. "'அவ எரிச்சுட்டா ஒட்டீலி. இனிமே எப்படிச் சொல்லுவேன்? சொன்னா எரிச்சதுக்கும் சேர்த்து அழுவா'ன்னு. வெறுக்க நாங்கதான் உன்னை வளர்த்தோம். நல்லா வளர்த்துட்டோம். அது உன் தப்பு இல்ல, கண்ணு."

அல்மூட் அவளைப் பார்த்தாள். "நீங்க பதில் எழுதினீங்களா? உயரம் கேட்டிருக்காரே."

"எழுதினேன். உங்களை மாதிரியேன்னு எழுதினேன்."

அப்போதுதான் அல்மூட் உடைந்தாள். சத்தம் எதுவும் இல்லை. முன்பக்கம் சரிந்து, நெற்றியை மேஜையில், பழைய படங்களின் மேல் வைத்துக்கொண்டாள். ஒட்டீலி பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி, அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையை அல்மூட் தட்டிவிடவில்லை.

வெண்டலின் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். மண்மேட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸீவர்ட் கதவைத் தட்டினார். கையில் புரூஃப், காதில் பென்சில். அச்சகத்தார் போனில் காத்திருக்கிறார்கள். தெக்லா வாசலிலேயே அவரிடம் நாலு வாக்கியத்தில் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொள்ள மறந்தார்.

"அந்த வரியை எடுத்துடறேன், அல்மூட்" என்றார். "இப்பவே எடுத்துடறேன். நான்… தாளைத் திருப்பியிருக்கணும்."

"எடுக்க வேண்டாம்" என்றாள் அவள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் சொல்றேன், எழுதிக்கோங்க."

ஸீவர்ட் பென்சிலை எடுத்தார்.

அவள் நிதானமாகச் சொன்னாள். அவர் எழுதினார். ஒட்டீலியின் பெயர் வரும் இடத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, சரிபார்த்துக்கொண்டார். எழுதி முடித்ததும் தயங்கினார்.

"அப்புறம் அவருக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வரி போடலாமே?"

"அது எங்க வீட்டுக்கு. ஸ்டேஷனுக்கு இது போதும்."

அவர் டிக்கெட் அறைக்குள் போய் ரிசீவரை எடுத்தார். கதவு திறந்தே இருந்தது. மறுமுனையில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, வகுப்பில் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார்.

"1952 மே 26. கடைசி ரயிலில் பாயிண்ட்ஸ்மேன் கொன்ராட் கெர்ஸ்டிங் தன் மகளைக் கூட்டிவர எல்லர்ஸ்டெட் சென்றார். நான்காம் நாள், ஒட்டீலி பிராண்டஸின் கைகளில், மகள் வந்துசேர்ந்தாள்." கொஞ்சம் நிறுத்தினார். "இல்லப்பா, அவ்வளவுதான். முற்றுப்புள்ளி வை."